சுடலைமுத்து மேஸ்திரியின் இடது கால்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஷெட் சாவியை எடுத்துக்கொண்டு வடக்குப்பட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் போன் அடித்தது. பேச்சியம்மாள் பேசினார்கள். சுடலைமுத்து மேஸ்திரியின் மனைவி.

“அண்ணாச்சி, அவுக போயிட்டாக.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “இன்னாம்மா ஆச்சு?” என்றேன்.

“இட்லி தின்னாக. மாத்திரை போட்டாக. நாற்காலியில சாஞ்சு பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தாக. டம்ளர எடுக்க வந்து பாக்கேன், தல சாஞ்சிருக்கு.”

“எந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்?”

“ஆஸ்பத்திரி எதுக்கு அண்ணாச்சி இனிமே? வீட்டுக்கு வாங்க.”

அழுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அழுகைக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. நாலு வருடமாக அந்த அம்மாளும் நானும் ஒரே பயத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தோம். மேஸ்திரியின் இடது காலை என்றைக்காவது எடுத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையோடு அது முடிந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு வரும் வழியில் தகரக் கூரை போட்ட கார் ஷெட் ஒன்று இருக்கிறது. கிளட்ச், கியர் வேலை மட்டும்தான் அங்கே. அதை நடத்தியவர் சுடலைமுத்து மேஸ்திரி. தென்காசிப் பக்கத்துக்காரர். நான் கன்னியப்பன், இந்த ஊர்க்காரன். அவர் வந்த புதிதில் ஷெட்டுக்குக் காவல் இருக்கச் சேர்ந்தேன். பதினாறாம் நாளுக்கு நண்பர்கள் ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். எனக்கு மட்டும் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். அது ஆபத்து. நான் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. பேனா கையில் கிடைத்தால் கீழே வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

மேஸ்திரி இங்கே வந்தது இரண்டாயிரத்து ஏழில். அப்போது தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. ஷிப்ட் பஸ்கள் ஓட ஆரம்பித்திருந்தன. சம்பளம் வாங்கும் பிள்ளைகள் வேகமான கார்களை வாங்க ஆரம்பித்தார்கள். அந்தக் கார்கள் மேஸ்திரியைத் தேடி வந்தன.

முதலில் வந்தவற்றில் ஒரு சிவப்புக் கார். ஒரு சூப்பர்வைசருடையது. முதல் கியர் போட்டால் கரகரவென்று கத்தும். ரிவர்ஸ் விழவே விழாது. மேஸ்திரி ஓட்டிப் பார்த்துவிட்டு, “கிளட்ச் பிளேட்தான்” என்று சொல்லி கியர் பாக்ஸையே இறக்கினார். அது லேசான வேலை இல்லை. பிளேட் புதுசு போல இருந்தது. திரும்ப ஏற்றினார். கார் அதே போலக் கத்தியது. மறுபடி இறக்கினார். ஒரு குறையும் இல்லை. மறுபடி ஏற்றினார். முகம் கறுத்துப் போய், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்தார். இடது காலால் கிளட்ச் பெடலை மெதுவாக மிதித்தார்.

“அண்ணாச்சி, இங்க வாங்க. பெடலுக்குக் கீழ என்ன கெடக்கு, பாருங்க.”

நான் கையை விட்டு இழுத்தேன். கம்பெனி கொடுத்த ரப்பர் மேட். அதன்மேல் ஒரு வெல்வெட் மேட். அதற்கும் மேலே தடியாக ஒரு தென்னை நார் மேட். மூன்றும் சேர்ந்து பெடலை முழுக்க இறங்கவிடாமல் தாங்கிக்கொண்டிருந்தன. கிளட்ச் பாதிதான் விலகியது. கியர் கத்தாமல் என்ன செய்யும்? மேட்களை எடுத்துப் போட்டதும் கியர் வெண்ணெய் போல விழுந்தது.

நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. “இன்னா மேஸ்திரி, ரெண்டு தபா பொட்டிய எறக்கினயே, பாய எடுக்க மறந்துட்டியே!”

அவர் என்னைவிட அதிகமாகச் சிரித்தார். சூப்பர்வைசர் வந்தபோது ஒளிக்காமல் சொன்னார்: “சார், உங்க வண்டியில பழுதே இல்ல. நான்தான் மடத்தனமா பொட்டியப் பிரிச்சேன். இந்தத் தென்னை மேட்டு யாரு போட்டா?”

“மாமியார் வாங்கிக் கொடுத்தது” என்றார் அவர்.

“அப்ப வீட்டுக்குள்ளயே போட்டுக்கிடுங்க.”

அன்றிலிருந்துதான் அந்த வழக்கம் வந்தது. எந்தக் கார் வந்தாலும் மேஸ்திரி முதலில் செருப்பைக் கழற்றுவார். தண்ணீர் டிரம்மிடம் போய் இடது காலைக் கழுவித் துடைப்பார். பிறகு சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காலால் பெடலை மிதிப்பார். பெடல் எங்கே கனக்கிறது, எங்கே வெறுமையாகப் போகிறது, விடும்போது எந்த இடத்தில் கிளட்ச் பிடிக்கிறது என்று கால்தான் அவருக்குச் சொல்லும். “மிதியில ஆரம்பிச்சு பொட்டியில முடிக்கணும். பொட்டியில ஆரம்பிச்சா மானம் போவும்” என்பார். காத்திருக்கும் டிரைவர்கள் கேலி செய்வார்கள். “மேஸ்திரி கோயிலுக்குப் போறாருடா, வழி வுடு” என்பார்கள். அவர் கண்ணைத் திறக்கமாட்டார்.

காவலுக்கு வந்த நான் பெடலுக்குப் போன கதையும் இதில்தான் வருகிறது. கிளட்ச் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் காருக்கு அடியில் படுத்து நட்டைத் திறந்து ஆயிலோடு காற்றை வெளியே விட வேண்டும். ஒருநாள் அவருடைய கையாள் வரவில்லை. “அண்ணாச்சி, நீங்க ஏறுங்க” என்றார்.

“மிதிங்க.”

“மிதிச்சிட்டேன்.”

“புடிங்க.”

“புட்சிக்கினு கீறேன்.”

“விடுங்க.”

கார் தரையின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இப்படித்தான் நாங்கள் வருடக்கணக்காகப் பேசினோம். நடுநடுவே உலக விஷயமெல்லாம் வரும். என் நிலம் எந்தக் கம்பெனிச் சுவருக்குள் இருக்கிறது என்பதை அவர் காருக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் கேட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை என்பதையும் அங்கிருந்துதான் சொன்னார். முகம் பார்க்காமல் பேசுவது சில விஷயங்களுக்கு நல்லது.

கௌதம் என்ற பிள்ளை வந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயத் தளத்தில் கார் ஓட்டுவார். நீல நிறக் கார். கிளட்சைக் கழற்றிவிட்டுப் பந்தயத்துக்கான முரட்டுக் கிளட்ச் போட்டிருந்தார்.

“மெதுவா போனா ஒரு பிரச்சினையும் இல்ல மேஸ்திரி. வேகத்துல ரெண்டுலேர்ந்து மூணுக்குத் தள்ளினா, உள்ள விட மாட்டேங்குது. கத்துது.”

மேஸ்திரி காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். “கடைசி ஒரு விரக்கடை பஞ்சுல மிதிக்க மாதிரி இருக்கு” என்றார். பிறகு இறங்கி, என்னை ஏறி மிதிக்கச் சொன்னார். கௌதமைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

“தம்பி, இந்த ரப்பர் குழாயப் பாருங்க. அண்ணாச்சி, மிதிங்க. பாத்தீங்களா, தவள தொண்ட மாதிரி வீங்குது! உங்க முரட்டுக் கிளட்ச்சுக்கு இந்தக் குழா தாங்கல. நீங்க மிதிக்கிற மிதி பாதி இங்கயே செலவாயிடுது.”

கௌதம் குழந்தை போலக் கை தட்டினார். கம்பி பின்னிய குழாய் எது போடலாம் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது, அவரே வாங்கி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாவது கியர் கத்தாமல் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வேலை இல்லாவிட்டாலும் ஷெட்டுக்கு வந்து டயர்மேல் உட்கார்ந்துகொள்வார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில்தான் அந்தக் கெட்ட காலம் வந்தது. ஆடி மாதம். கௌதமின் காருக்குப் புது கிளட்ச் பிளேட் போட்டு அனுப்பினோம். பத்து நாள் ஆகவில்லை, திரும்பி வந்தார்.

“மேஸ்திரி, ஆக்சிலேட்டர் குடுத்தா இன்ஜின்தான் கத்துது, வண்டி போக மாட்டேங்குது. கருகுற வாசனை வருது.”

பிரித்துப் பார்த்தால் பிளேட் கருகிப் போயிருந்தது. வேறு போட்டோம். அதுவும் கருகியது. அதற்குள் இன்னொரு கார் அதே குறையோடு வந்தது. பிறகு இன்னொன்று. எல்லாம் மேஸ்திரி கைப்பட்ட கார்கள்.

நடந்தது என்னவென்றால், எந்தக் காரில் உட்கார்ந்தாலும் அவருக்கு “பெடல் வெறும் வெறும்னு போகுது” என்று தோன்றியது. பெடலுக்குப் பின்னால் ஒரு தள்ளுகம்பி இருக்கிறது. அதைத் திருகி நீட்டினால் பெடலின் தளர்ச்சி போகும். ஆனால் கொஞ்சம் தளர்ச்சி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாம் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்தபடியே நிற்கும். பிளேட் நழுவும். சூடாகும். கருகும். இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவரே எல்லாக் கார்களிலும் அந்தக் கம்பியை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் காற்று எடுக்க ஏறி மிதிக்கும்போது எனக்கு வேறு மாதிரி இருந்தது. “மேஸ்திரி, பெடல் கெட்டியாதானே கீது?”

“உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி.”

“எனக்கும் கால் கீது மேஸ்திரி.”

“கால் இருந்தா போதுமா வே?”

அவர் போலிப் பிளேட் என்று கடைக்காரரைத் திட்டினார். ஆயில் சரியில்லை என்று மாற்றினார். பேரிங் மாற்றினார். ஆட்கள் ஷெட்டுக்கு வருவது குறைந்தது. சுங்குவார்சத்திரம் டீக்கடை ஒன்றில், “தென்காசிக்காரன்கிட்ட வுட்டா பிளேட்டு வறுவல்தான்” என்று ஒருவன் சொன்னதை நானே கேட்டேன்.

கௌதம் மட்டும் போகவில்லை. கோபத்தோடுதான் வந்தார். ஆனால் வந்தார். “எல்லாத்தையும் மாத்திட்டோம் மேஸ்திரி. இனிமே யாரும் மிதிச்சுப் பாத்துச் சொல்ல வேணாம். கண்ணால பாக்கலாம்.”

காரின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். முன் சக்கரங்கள் காற்றில் நின்றன. இன்ஜினை ஓடவிட்டு முதல் கியர் போட்டதும் சக்கரங்கள் மெதுவாகச் சுற்றின. கிளட்சை மிதித்தால் சக்கரம் ஓய்ந்து நிற்க வேண்டும். மேஸ்திரி காலைக் கழுவிக்கொண்டு ஏறினார். நான் சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கௌதம் திறந்த கதவருகே நின்றார்.

“மிதிக்கேன். நின்னதும் சொல்லுங்க.”

சக்கரம் ஓய்ந்தது. “நின்னுட்ச்சி” என்றேன்.

“நிக்காது. நான் இன்னும் பாதிகூட மிதிக்கல.”

“நின்னுட்ச்சி மேஸ்திரி. கையால தொட்டுப் பாத்தேன்.”

“பாதி மிதியில எப்படி வே நிக்கும்?”

“மேஸ்திரி,” என்றார் கௌதம், மிக மெதுவாக. “பெடல் தரையில இருக்கு.”

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். பெடல் தரையோடு ஒட்டிக்கிடந்தது. அதன்மேல் அவருடைய கால் இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கே தெரியவில்லை.

காலை வெளியே எடுத்தார். அப்போது நான் பார்த்தேன். உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, வேறு ஏதோ காரின் கிளட்ச் கேபிளிலிருந்து அறுந்த கம்பி இழை ஒன்று உள்ளே ஏறி நின்றது. சுற்றிலும் கறுத்து வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. தினம் தண்ணீர் ஊற்றிக் கழுவிய காலை அவர் திருப்பிப் பார்த்ததே இல்லை.

“மேஸ்திரி, உன் கால்ல கம்பி ஏறிக்கினு கீது.”

“எந்தக் கால்ல?” என்றார்.

நான் எழுந்து கதவு வழியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். மேஸ்திரி காலை மடக்கித் தூக்கிப் பார்த்தார். விரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அவர் முகத்தில் நான் பயத்தை எதிர்பார்த்தேன். ஆனால் அந்த மனிதர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்.

“அப்ப தம்பி வண்டிக்கு ஒண்ணுமில்ல!”

இரண்டு மாதமாக ராத்திரி தூக்கமில்லாமல் அவரைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். தொழில் கைவிட்டுப் போய்விட்டதோ என்று. இல்லை, தொழில் போகவில்லை. கால்தான் மரத்துப் போயிருந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னால், “மொதல்ல அந்தத் தள்ளுகம்பிய ரெண்டு சுத்து திருப்பிட்டு வாரேன்” என்கிறார்.

“உன் கால்ல கம்பி ஏறி நிக்குது, நீ பெடல் கம்பிய திருப்புறியா? ஏறுய்யா வண்டியில!” என்று கத்திவிட்டேன். அவரிடம் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

கௌதமே குனிந்து அந்தத் தள்ளுகம்பியைத் திருப்பினார். காரைக் கீழே இறக்கி மூன்று பேரும் ஏறினோம். ஏற்கெனவே கருகிய பிளேட். பாலம் ஏறும்போது இன்ஜின் அலறியது, கார் மாட்டு வண்டி போல நகர்ந்தது. பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு மேஸ்திரி உத்தரவு போட்டுக்கொண்டு வந்தார்: “அமுக்காதீங்க தம்பி. கம்மியா குடுங்க. அஞ்சு வேண்டாம், மூணுலயே போங்க. இருக்கிற பிளேட்டக் காப்பாத்துங்க.” பின்னால் ஷிப்ட் பஸ் ஒன்று ஹாரன் அடித்தே எங்களை ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டு வந்தது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை மிக அதிகம் என்றார்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். டாக்டர் இளம் வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். வீக்கம் கணுக்கால் வரை வந்துவிட்டது என்றும், காலைக் காப்பாற்றப் பார்ப்பதாகவும், முடியாவிட்டால் எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். சேதி கேட்டு வந்த பேச்சியம்மாளும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

“எடுத்தா எதுவரைக்கும் டாக்டரய்யா?” என்று கேட்டார் மேஸ்திரி.

“அதை இப்ப சொல்ல முடியாது. நீங்க என்ன வேலை செய்றீங்க?”

“கிளட்ச் மேஸ்திரி.”

டாக்டர் அவருக்குத் தைரியம் சொல்ல நினைத்து, “இப்பல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டி வந்துட்டே, இடது காலே வேண்டாமே” என்றார்.

“அது ஓட்டுதவருக்குய்யா. ரிப்பேர் பாக்கிறவன் என்ன செய்வான்?”

டாக்டர் சிரித்துவிட்டு, “சரி, அந்தக் காலை வச்சிருக்கப் பாப்போம்” என்றார். சொன்னபடியே காப்பாற்றியும் கொடுத்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். கிழித்து, சீழ் எடுத்து, தினமும் கட்டு மாற்றினார்கள். ஒவ்வொரு நாளும் கட்டைப் பிரிக்கும்போது நான் டாக்டரின் முகத்தைத்தான் பார்ப்பேன், காயத்தைப் பார்க்கமாட்டேன். ஒருநாள் அவர் நிமிர்ந்து, “இனி எடுக்க வேண்டாம்” என்றார். நான் வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அப்படி ஒரு டீயை அதற்கு முன்னும் நான் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. டீ நன்றாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

கால் தங்கியது. உணர்ச்சி திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் பார்க்க வேண்டும், சின்னக் கீறல் விழுந்தாலும் வர வேண்டும், மறுபடி புண் வந்தால் காலை எடுப்பதைத் தவிர வழி இருக்காது என்றார்கள். அங்கிருந்துதான் எங்கள் நாலு வருடப் பயம் தொடங்கியது.

கட்டுக் காலோடு அவர் செய்த முதல் வேலை, தான் கெடுத்த கார்களைத் தேடிப் போனது. கௌதம் கார் ஓட்ட, நான் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தைதான்: “உங்க வண்டி நல்ல வண்டி. கெட்டுப்போனது என் காலு. தள்ளுகம்பியத் திருப்பி வச்சுட்டுப் போயிருதேன்.” சிலர் நாற்காலி போட்டார்கள். ஒருவர் மட்டும், “நான் அப்பவே சொன்னேன், நீ கேட்டியா? பெரிய கால்னு அலட்டிக்கினியே!” என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். மேஸ்திரி முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டு, “ஆமா சார், ரொம்பத்தான் அலட்டிக்கிட்டேன்” என்றார். திரும்பி வரும்போது, “அவரு சொன்னதுதான் அண்ணாச்சி மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு” என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை. இப்போது எழுதும்போது கொஞ்சம் புரிகிறது.

அதன்பிறகு ஷெட்டில் முறை மாறியது. சீட்டில் நான் உட்காருவேன். காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு அவர் உட்காருவார். என் கால் சொல்வதை நான் சொல்வேன். சக்கரம் சொல்வதை அவர் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஸ்பானர் எடுப்போம். “ரெண்டு சாட்சி இல்லாம எந்தக் கிளட்ச்சையும் குத்தம் சொல்லக் கூடாது” என்பார். அவர் நன்றாக இருந்த காலத்தைவிடக் குறைவான தவறுதான் செய்தோம் என்று நினைக்கிறேன்.

காலையில் வேலை தொடங்கும் முன் அவருடைய காலைப் பார்க்க வேண்டும். என் மடியில் வைத்துப் பார்க்கிறேன் என்றால், “வயசுல மூத்தவரு மடியில காலப் போடவா? வேற ஆளப் பாருங்க” என்று மறுத்துவிட்டார். கடைசியில் உடைந்த காரின் சைடு கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்தோம். அவர் டயர்மேல் உட்கார்ந்து உள்ளங்காலை அதற்கு மேலே பிடிப்பார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து கண்ணாடியைப் பார்ப்போம். “ஒண்ணுமில்ல” என்று நான் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் முதல் பானெட் திறக்கும். வருகிறவர்கள், “இன்னா, ரெண்டு பேரும் காலுக்கு ஜோசியம் பாக்குறீங்களா?” என்று கேட்பார்கள். அவர் ஷூ போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு அவரை அதற்குப் பிறகு ஷெட்டில் யாரும் பார்த்ததில்லை.

இந்த டிசம்பர் மழையை யாரும் மறக்கமாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்த பிறகு கௌதம் குடியிருந்த மணப்பாக்கம் பக்கம் தண்ணீர் புகுந்தது. கார் கூரை வரை முழுகியது. தண்ணீர் வடிந்து, கௌதமும் வேறு ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து இன்ஜினைச் சுத்தம் செய்து, ஆயில் எல்லாம் மாற்றி ஓடவைத்துவிட்டார்கள். ஆனால் இன்ஜின் ஓடும்போது கியர் மட்டும் விழவில்லை. லாரியில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார். நாங்கள் கொஞ்ச நாளாக வேலையைக் குறைத்திருந்தோம். மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது. கௌதமைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

காரைத் தூக்கி நிறுத்தி, கியரில் போட்ட பிறகு ஸ்டார்ட் செய்து நான் மிதித்தேன். பெடல் சரியாக இருந்தது. அவர் பார்த்தார். சக்கரம் நிற்கவில்லை. “பிளேட்டு துருப்பிடிச்சு இன்ஜினோட ஒட்டிக்கிடுச்சு” என்றார். “பொட்டிய எறக்கணுமா மேஸ்திரி?” என்றார் கௌதம். “எறக்கலாம். அதுக்கு முன்னால ஒண்ணு செஞ்சு பாப்போம்.”

பக்கத்தில் இன்னும் கட்டடம் எழும்பாத பெரிய மனை ஒன்று இருக்கிறது. அங்கே கொண்டுபோனோம். கியரில் போட்டு வைத்து அப்படியே ஸ்டார்ட் செய்தால் கார் துள்ளிக்கொண்டு கிளம்பும். கிளட்சை மிதித்துப் பிடித்தபடி ஆக்சிலேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விட வேண்டும். அந்த வெட்டி இழுப்பில் ஒட்டிய பிளேட் பிரிய வேண்டும். கௌதம் ஓட்டினார், மேஸ்திரி பக்கத்தில், நான் பின்னால். கிளட்ச் விலகாத கார் நிற்காது அல்லவா? வட்டம் வட்டமாகச் சுற்றினோம். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறின.

“ஆடு! தம்பி, ஆடு!”

“எனக்கும் தெரியுது மேஸ்திரி! நிக்க மாட்டேங்குதே!”

“குடுங்க... விடுங்க... குடுங்க... விடுங்க...”

எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. தலை சுற்றி எனக்கு வாந்தி வரும் நேரத்தில் அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். கார் தளர்ந்து, தானாக உருண்டு ஓய்ந்து நின்றது. கௌதம் இரண்டாவது கியர் போட்டார், விழுந்தது. மூன்று, விழுந்தது. மேஸ்திரி டாஷ்போர்டை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு, “விட்டுடுச்சு! விட்டுடுச்சு!” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அதுதான் அவர் கைவைத்த கடைசி கார். கௌதம் அதை ஓட்டிக்கொண்டுதான் சாவுக்கும் வந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது மேஸ்திரியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி வேட்டி மாற்றினோம். பேச்சியம்மாள் பழைய வெள்ளை வேட்டியிலிருந்து ஒரு நாடா கிழித்து என்னிடம் நீட்டினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். “அண்ணாச்சி, நீங்களே கட்டுங்க. வேற யாரும் தொட வேண்டாம்” என்றார்கள்.

காலடியில் உட்கார்ந்து இடது காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். தடுக்க அவர் இல்லை. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். பழைய தழும்பு ஒன்று. வேறு கீறல் இல்லை, வீக்கம் இல்லை. சுத்தமான கால். பேச்சியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நல்லா கீதும்மா” என்றேன். அந்த அம்மாள் தலையை ஆட்டினார்கள். பிறகுதான் வாய்விட்டு அழுதார்கள்.

இடது கட்டைவிரலையும் வலது கட்டைவிரலையும் சேர்த்து வைத்து நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். சேர்த்துக் கட்ட இரண்டு கால் இருந்தது. வேறென்ன வேண்டும் எனக்கு? மேஸ்திரி, முழு ஆளாக வந்தீர்கள், முழு ஆளாகவே உங்களை வழியனுப்பினேன். நிம்மதியாகப் போங்கள்.